ஒரு நிலவும் இரு வானங்களும்

மாலை நேரத்து மலையடிவாரம் ஒன்றைக் கண் காணும் முறை வேறு. கமரா காணும் முறை வேறு. ஒளிமிக்க வானத்தை நோக்கும்போது கண்மணி சுருங்குகிறது. நிழல் படிந்த நிலத்தை நோக்கும்போது விரிகிறது. கமராவுக்கோ ஒரே கணம், ஒரே அளவு. வானத்துக்கு ஏற்ற அளவைக் கொடுத்தால் நிலம் இருண்டுபோகும். நிலத்துக்கு ஏற்றதைக் கொடுத்தால் வானம் வெளிறிப்போகும். படத்தின் ஒரு பகுதியை மட்டும் பின்னர்த் திருத்த வேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது. இதனைப் பொய் என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் ஒரு படத்தின் வரலாற்றைக் கேட்பது நன்று.

1941ஆம் ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி மாலை. அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் மோட்டார் வண்டியிற் சென்றுகொண்டிருந்தார். ஹேர்னாண்டெஸ் என்னும் சிற்றூரை அணுகியபோது கிழக்கே நிலவு எழுந்திருந்தது; மேற்கே சாய்ந்த ஞாயிற்றின் கடைசிக் கதிர்கள் இடுகாட்டுச் சிலுவைகளில் வெண்மையாய் ஒளிர்ந்தன. வண்டியை நிறுத்தி இறங்கினார். அவசரத்தில் ஒளிமானி அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு அவருக்கு நினைவில் இருந்தது. அதனைக் கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்கு ஆயத்தமாகுமுன் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது.

எஞ்சியது ஒரே நெகற்றிவ். நிலவு பிழைத்தது, ஊர் கிடந்த நிலப்பகுதியோ மிக மெலிவாகவே பதிந்திருந்தது. 1948இல் அப்பகுதியை மட்டும் ஓர் இரசாயனக் கரைசலில் தோய்த்து வலுவேற்றினார். அதன் பின்னரும் ஒவ்வொரு படியும் கைவேலையே. உருப்பெருக்கியின் ஒளி தாளில் எங்கே மிகுதியாக விழுகிறதோ அங்கே படம் கறுக்கும். முதன்முறை கேட்போருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆகவே வெளிச்சமாகத் தெரிய வேண்டிய இடத்தை அட்டையால் சிறிது நேரம் மறைப்பார்கள். இருள வேண்டிய வானத்துக்குக் கூடுதலாக ஒளி கொடுப்பார்கள். அட்டை ஓயாது அசைந்துகொண்டிருக்க வேண்டும். அசையாமல் நின்றுவிட்டால் அதன் ஓரம் படத்திற் கோடாக விழுந்துவிடும்.

அடம்ஸ் தம் வாழ்நாளில் இந்நெகற்றிவிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட படிகளை எடுத்தார். முந்திய படிகளில் வானம் சாம்பல் நிறமாய், மெல்லிய முகில்களுடன் இருக்கிறது. பிந்தியவற்றிலோ மேல்வானத்து முகில்கள் மறைந்து, ஏறக்குறைய முழுக் கருமை கவிந்துவிட்டது. எது அந்த மாலை? அவர் பியானோ பயின்றவர். நெகற்றிவை இசைக்குறிப்புக்கும், படியை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். வாசிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறியதில் வியப்பில்லை. மாலையை அவர் நள்ளிரவாக்கிவிட்டார் என்று சொல்வோரிடமும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நிலவை அவர் இடம் மாற்றவில்லை. முகிலைக் கடன் வாங்கவுமில்லை. பிரான்சில் 1850களில் குஸ்தாவ் லெ கிறே கடலை ஒரு நெகற்றிவிலிருந்தும் வானத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து இணைத்தாரே, அது வேறு வகைத் தொழில்.

அட்டை செய்த வேலையை இன்று கணினித் திரையில் ஒரு தூரிகைக் குறி செய்கிறது. கை நடுங்கினாலும் கவலையில்லை; பழைய நிலைக்கு உடனே மீளலாம். பிழை மட்டும் பழைய பிழையே. வானத்தை இருட்டும்போது, தெரிந்தெடுத்த பகுதியின் ஓரத்தை மென்மையாக்காது விட்டால், மலைமுகட்டை ஒட்டி வெண்ணிற விளிம்பொன்று பளிச்சென்று தெரியும்.