முதலில் வடிகட்டு, பிறகு மருந்து
(விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியனாக இருந்தவனுக்குக் குடிநீரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். தகுதி இல்லை, பிழை செய்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியின் தரைத்தொட்டியில் பாசியும் வேப்பஞ்சருகும் மண்டிக் கிடந்தன. கழுவ நேரமில்லை என்று, பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டச் சொன்னேன். மறுநாள் நீரில் மூக்கைத் துளைக்கும் நெடி. பிள்ளைகள் குடிக்க மறுத்தனர். வேதியியல் ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அழுக்கின் மேல் குளோரினைக் கொட்டினால் அழுக்கு அழியாது, வேறொன்றாக மாறும்" என்றார்.

அந்த வேறொன்றை 1974-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தவர் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய ஜோஹன்னஸ் ரூக். இலை, பாசி, வண்டல் ஆகியவை அழுகி நீரில் கரைந்த பொருளோடு குளோரின் கூடும்போது குளோரோபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் பிறக்கின்றன. பல்லாண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இடமாகலாம் என்று ஆய்வாளர் ஐயுறுகின்றனர். 2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தர அளவை, ஒரு லிட்டரில் குளோரோபார்ம் 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது.

நம் மாவட்டத்தையே பாருங்கள். கடலூருக்குக் கேப்பர் மலை ஆழ்துளைக் கிணற்று நீர்; சிதம்பரத்திற்கு வக்காரமாரித் தேக்கத்து நீர். நிலத்தடி நீரில் அழுகிய பொருள் பெரும்பாலும் குறைவு. ஆயினும் கடலோரத்தில் உவர்நீர் ஊடுருவினால் அதனுடன் புரோமைடும் வரும். அது குளோரினோடு சேர்ந்து புரோமின் கலந்த வகைகளைத் தரும். தேக்கத்து நீரிலோ பாசியும் வண்டலும் இயல்பானவை. அவற்றைப் படிகாரத்தால் படியவைத்து, மணலில் வடித்து, அதன்பின் குளோரின் சேர்ப்பதே முறை. வீராணத்து நீர் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டே சென்னைக்குச் செல்கிறது. குழாயில் நீர் நெடுநேரம் தங்கினாலும் வெயிலில் சூடேறினாலும் இவ்விளைபொருள்கள் பெருகும். ஆகவே முன்கூட்டியே அழுக்கை நீக்குவதில்தான் முழு நுட்பமும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் "இனிக் குளோரின் நீரே வேண்டாம், கிணற்று நீரே போதும்" என்று புறப்படுவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. அது பேராபத்து. காலராவும் வயிற்றுப்போக்கும் பல்லாண்டு காத்திருப்பதில்லை. ஓரிரு நாளிலேயே ஒரு குழந்தையைக் கொண்டுபோய்விடும். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினம் போன்ற கரையூர் மக்கள் முகாம்களில் நெருங்கி வாழ்ந்தபோதும் பெரும் கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. அதில் குளோரின் கலந்த நீருக்கும் பங்குண்டு. குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அதனாலேயே.

"அதுவும் உயிர்க்கொலை அல்லவா?" என்று ஓர் அம்மையார் என்னிடம் கேட்டார். நியாயமான வினா. இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம். சமையலிலும் துப்புரவிலும் நேர்வதை முற்றும் தவிர்க்க இயலாது, குறைக்கவே இயலும் என்று விடை சொன்னேன். அவர் முகத்தில் முழு நிறைவு தோன்றவில்லை.

குடத்து வாயில் இருமடித் துணி கட்டி நீர் வடிப்பது நம் வீட்டு வழக்கம். நுண்ணுயிர்க்கு இடர் நேராதிருக்க ஏற்பட்ட வழக்கம் அது. குளோரோபார்மை எண்ணி ஏற்பட்டதன்று. கரைந்துபோனதைத் துணி பிடிக்காது என்பதும் உண்மையே. ஆயினும் சருகையும் பாசித்துணுக்கையும் அது நிறுத்திவிடும். அவை அழுகிக் கரையும் முன்பே நிறுத்திவிடும். காய்ச்சும்போது மூடியைத் திறந்து, அடுக்களைச் சன்னலையும் திறந்து வையுங்கள். குளோரோபார்ம் ஆவியாகிப் பெரும்பகுதி வெளியேறும். கரி வடிப்பான் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது குளோரினையும் நீக்கிவிடுவதால், வடித்த நீரை நாட்கணக்கில் தேக்கி வைக்கலாகாது.

பேச வருமுன் இம்மண்டபத்துத் தரைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் நான்கு விரற்கடை வண்டல். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இளைஞர் நால்வர் வந்தால் போதும். வாளியும் துடைப்பமும் நான் கொண்டு வருகிறேன்.