கேட்ட வரமும் கேளாத கேள்வியும்



இந்த மண்டபத்துக் காலைப் பிரார்த்தனையில் நான் வேண்டியதெல்லாம் நல்ல பெறுபேறுதான். பின்னர் மருத்துவபீடம், வீடு, கார் என்று பட்டியல் நீண்டது. ஆண்டவர் பலவற்றைத் தந்தார். அவருடைய சித்தம் என்னவென்று மட்டும் நான் கேட்டதில்லை.

நாற்பத்தாறு வயதில் வெளிநாட்டு வேலைக்கான கடிதம் வந்தது. அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த வாரம் விடுதியில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "நாளைக்கும் நீங்கள்தானே வருவியள், பிள்ளை?" என்றார். மறுத்து எழுதினேன். வீட்டுக்கடன் இன்னும் இருக்கிறது, மனம் அமைதியாயிருக்கிறது.

1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீனுக்கு, புறப்படுவதே பதிலாயிருந்தது. கடல்கடந்து வாழும் உங்களுக்கும் அவ்வாறே இருக்கலாம். வயது ஏறும்போது வேண்டுவதைக் குறைத்து, அவர் சொல்வதைக் கேட்கப் பழகுவோம்.