மூட்டு வலியும் மாத்திரைச் செலவும்



நான் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப்பூ எடுக்கிறவள். குனிந்து நிமிர்ந்தே முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. யாரோ சொன்னார்கள் என்று குளுக்கோசமைன் மாத்திரை வாங்கினேன். மாதம் 600 ரூபாய். ஒரு மாதம் குழுக் கடன் தவணையே தவறிப்போச்சு. கொஞ்சம் தேவலைன்னு தோணியதால் உங்களில் நாலு பேரையும் வாங்க வைத்தேன். அதற்காகவே இன்றைக்குப் பேசுகிறேன்.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார். அமெரிக்காவில் மூட்டு வலிக்காரர்கள் 1,583 பேரைப் பல பிரிவாக்கிப் பார்த்து, 2006-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு குளுக்கோசமைன். ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எது யாருக்கென்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. 24 வாரம் கழித்து, வெறும் மாத்திரையில் 100-க்கு 60 பேருக்கு வலி குறைந்தது. குளுக்கோசமைனில் 64 பேருக்கு. மருந்தால்தான் குறைந்தது என்று சொல்ல இந்த வித்தியாசம் போதாதாம். மூட்டு வலி தானாக ஏறும், தானாக இறங்கும். இறங்கும்போது மாத்திரைக்குப் பேர் கிடைக்கிறது.

2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் அமைப்பும் இந்த மாத்திரை வேண்டாம், உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் வேண்டும் என்றது.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன். வலி முழுசாப் போகலை. ஆனா படி ஏறுகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருவது நம்ம குழுப் பெண்கள்தானே, அவர்களிடம் பிசியோதெரபி பற்றிக் கேளுங்கள். டாக்டர் எழுதின மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க. என் பேச்சை நம்பி வாங்கினவங்க என்னை மன்னிக்கணும்.