மக்கள் எழுதிய சட்டமும் மன்றம் எடுத்த கத்தரியும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாக்குச் சீட்டு என்றால் நம் நினைவுக்கு வருவது வேட்பாளர். அவர் பெயர், அவர் சின்னம், அவர் தரும் வாக்குறுதி. அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்திலோ வேட்பாளருக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் வாக்குச் சீட்டு உண்டு! போதிய கையொப்பம் திரட்டினால், குடிமக்களே சட்டம் எழுதலாம்; அதை வாக்குக்கு விடலாம்; பெரும்பான்மை கிட்டினால் அது சட்டமாகிவிடும். நம் அரசியல் சட்டம் நமக்கு அளிக்காத உரிமை அது. ஆகவேதான் அது அங்கே படும் பாட்டை நாம் அறிந்து கொள்வது நல்லது என்கிறேன்.

2008 நவம்பர் 4. மிசூரி மக்கள் ‘முன்மொழிவு சி’ என்ற சட்டத்துக்கு வாக்களித்தனர். ஆதரவு எவ்வளவு? நூற்றுக்கு அறுபத்தாறு! அந்த நாள் குடியரசுத் தலைவர் தேர்தல் நாளுங்கூட. அதில் இரண்டு கட்சிகளுக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்து நின்ற மாநிலம், காற்றுக்கும் கதிரவனுக்கும் ஒன்றாகக் கை உயர்த்தியது.

சட்டம் கேட்டது பேராசையல்ல. முதலீட்டாளர்களுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் விற்கும் மின்சாரத்தில் 2011 முதல் 2 விழுக்காடு, 2014 முதல் 5, 2018 முதல் 10, 2021 முதல் 15 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும். அந்தப் பங்கிலே 2 விழுக்காடு சூரிய ஒளியிலிருந்து வர வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 15 விழுக்காட்டில் 2 விழுக்காடு என்றால், விற்கும் ஆயிரம் அலகில் மூன்றே மூன்று அலகு! வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைப்போருக்கு வாட் ஒன்றுக்கு 2 டாலர் மானியம். இவ்வளவையும் செய்து, கட்டண உயர்வு 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று கடிவாளமும் போட்டார்கள். விவரம் அறியாத கூட்டமா இதை எழுதியது?

இனி நடந்ததைக் கேளுங்கள். நான் நாடகம் எழுதுபவன். வில்லன் எந்தக் காட்சியில் நுழைய வேண்டும் என்பதற்கு எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மிசூரி சட்டமன்றம் அந்தக் கணக்கையே மிஞ்சியது. திரை தூக்குமுன்பே வந்து நின்றது! ஆம், மக்கள் நவம்பரில் வாக்களிக்கப் போகிறார்கள். அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே சட்டமன்றம் ஒரு விதிவிலக்கை நிறைவேற்றிவிட்டது. 2009 சனவரி 20-க்குள், தனக்குச் சொந்தமான நிலக்கரி, எரிவாயு நிலையங்களின் திறனில் 15 விழுக்காட்டுக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை எய்திய நிறுவனத்துக்குச் சூரிய ஒளிக் கடமையும் இல்லை, மானியக் கடமையும் இல்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை! ஜாப்ளின் நகரை இருப்பிடமாகக் கொண்ட எம்பயர் டிஸ்ட்ரிக்ட் நிறுவனத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்திற்று. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே விலங்கு.

மாநிலப் பொதுப்பணி ஆணையத்திடம் முறையிட்டார்கள், முறையீடு தள்ளுபடி. விடவில்லை, மிசூரி உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பிந்தி வந்த மக்கள் சட்டத்தோடு முரண்படுகிறது முந்தி வந்த விதிவிலக்கு, ஆகவே அது அன்றே நீங்கிற்று. நீதி வென்றது, ஆறு ஆண்டுக்கு மேல் கழித்து! அதுவரை அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் கூரைகளுக்குச் சட்டம் சொன்ன மானியம் கிட்டாமலே போயிற்று.

அதோடு முடிந்ததா? ஆணையம் 2010-இல் விதிகள் வகுத்தது. கணக்கில் சேரும் ஆற்றல் மிசூரி வாடிக்கையாளருக்கு வந்து சேர வேண்டும் என்றது. மாநிலத்தில் வேலை பெருகும், காற்றாலை எழும் என்பதுதானே வாக்களித்தோர் எதிர்பார்ப்பு! சட்டமன்றக் குழு அந்தப் பகுதியை வெட்டியது. 2011-இல் இரு அவைகளும் தீர்மானம் போட்டு வெட்டை உறுதி செய்தன. விளைவு? எங்கோ தொலைவில் உற்பத்தியான மின்சாரத்துக்கான சான்றுச் சீட்டை வாங்கிக் காட்டினாலே கடமை தீர்ந்தது. சான்றுக்குச் சட்டத்தின் சொற்களிலேயே இடமுண்டு என்று வாதிட்டோர் இருந்தனர். அந்த வாதத்தில் வலு அறவே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் ஐயம் எழும் இடத்திலெல்லாம் கத்தரி ஒரே பக்கம் சாய்வானேன்?

வேடிக்கை இன்னொன்று. மிசிசிப்பி ஆற்றில், அயோவா மாநிலத்தின் கியோகுக் நகரருகே ஓர் அணை. 1913-இல் கட்டி முடிந்தது. சட்டம் 10 மெகாவாட்டுக்கு மேற்படாத நீர்மின்சாரத்தையே ஏற்கிறது. நிலையமோ நூறு மெகாவாட்டைத் தாண்டியது. ‘ஒவ்வொரு மின்னாக்கியையும் தனித்தனியே எண்ணுங்கள், பத்துக்குள் அடங்கும்’ என்றார்கள், அடங்கிவிட்டது! யானையைக் காலுக்கு ஒன்றாக எண்ணி, நான்கு ஆடு என்று சுங்கச் சாவடியில் எழுதிக் கொடுத்தது போல!

இத்தனை வெட்டுக்குப் பின்னும் சட்டம் சாகவில்லை, தோழர்களே. 15 விழுக்காட்டுக் காலக்கெடு நெருங்கியபோது, அமெரன் மிசூரி நிறுவனம் 2020 டிசம்பரில் மாநிலத்தின் வடபகுதியில் 400 மெகாவாட் காற்றாலைத் தொகுதியைத் தன்வசமாக்கியது. அந்தச் சுழலிகளைச் சுழற்றுவது காற்று. எழுப்பியதில் 2008-இன் வாக்குச் சீட்டுக்கும் பங்குண்டு.

“சட்டமன்ற உறுப்பினரும் மக்கள் தேர்ந்தவர்தாமே, அவர் திருத்தினால் என்ன?” என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. குறையைத் திருத்தட்டும், ஆனால் எழுதியவனைக் கேட்டுத் திருத்தட்டும்! கலிபோர்னியாவில் மக்கள் இயற்றிய சட்டத்தை, அச்சட்டமே இடம் தந்தாலொழிய, மக்களிடம் மீண்டும் கேளாமல் மன்றம் மாற்ற இயலாது. வாஷிங்டன் மாநிலத்தில் முதல் இரண்டு ஆண்டுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். அரிசோனாவிலோ நான்கில் மூன்று பங்கு, அதுவும் சட்டத்தின் நோக்கத்தை வளர்ப்பதாக இருந்தால் மட்டுமே. மிசூரியில் அத்தகைய வேலி இல்லை. வெறும் பெரும்பான்மை போதும்.

வேலியில்லாப் பயிர் என்ன ஆகும்? 2024 நவம்பரில் அம்மக்கள் ‘முன்மொழிவு ஏ’ மூலம் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பை வாக்களித்துப் பெற்றனர். 2025 மே முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் சட்டமன்றம் அதை ஒழிக்க வாக்களித்தது. சூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஆகஸ்டு 28-இல் விடுப்பு உரிமை போயிற்று. காற்றாலைச் சட்டத்தில் பழகிய கை!

சரி, மன்றம் தொட முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடலாம் என்று மக்கள் எண்ணினால்? அந்த வாயிலுக்கும் பூட்டு தேடினார்கள். குடிமக்கள் கையொப்பம் திரட்டிக் கொணரும் அரசியல் சட்டத் திருத்தம் மாநிலத்தின் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தனித்தனியே பெரும்பான்மை பெற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினர். ஏழு தொகுதி ஏற்று ஒன்று மறுத்தாலும் திருத்தம் வீழும். சட்டமன்றமே அனுப்பும் திருத்தங்களுக்கு மட்டும் பழையபடி மாநிலம் தழுவிய பெரும்பான்மை போதுமாம். அந்தத் தீர்மானமும் சட்டமன்றம் அனுப்பியதுதான். மக்களின் வாக்குக்கு அது போகும்போது தேவைப்படுவதும் அந்தப் பழைய பெரும்பான்மைதான்.