எல்லாருக்கும் பார்சல் சரி, உனக்கு?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழு நடத்துற டிபன் கடையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எவ்வளவு முதல் போட்டோம், என்ன மிஞ்சுதுன்னு கேட்கத்தான் நீங்க காத்திருப்பீங்க. அதையும் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இன்னைக்கு இங்க வந்திருக்கிற நாம எத்தனை பேர் காலையில சாப்பிட்டுட்டு வந்தோம்? கை தூக்க வேண்டாம். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போதும்.

எங்க ஊர் நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகைத் தோட்டம் அதிகம். மல்லிகையை மொட்டா இருக்கும்போதே பறிக்கணும், வெயில் ஏறுறதுக்குள்ள பூ மார்க்கெட்டுக்குப் போயிறணும். அதனால பூப்பறிக்கிற பெண்கள் இருட்டோட கிளம்பிருவாங்க. போகும்போது ஒரு டீத்தண்ணி, அவ்வளவுதான். எடைக்குக் கூலிங்கறதால நடுவுல கை ஓயாது. வேலை விட்டு வரும்போது மணி ஒன்பதரை, பத்து ஆயிரும். வீட்டுக்கு வந்தா பாத்திரம் கிடக்கும், துணி கிடக்கும். வயித்துக்குள்ள ஏதாவது போறதுக்குப் பதினொண்ணு ஆகும். நூறு நாள் வேலைக்குப் போனவங்க கதையும் ஏறக்குறைய இதேதான்.

எங்க ஊர்ல டீக்கடை ரெண்டு இருந்துச்சு. ரெண்டுலயும் ஆம்பளைங்க உட்கார்ந்து பேப்பர் படிப்பாங்க. பொம்பளைங்க தூக்குவாளியில வாங்கிட்டு வந்துருவோம். கடையில உட்கார்ந்து சாப்பிடலாம்னு எங்களுக்குத் தோணினதும் இல்ல, யாரும் உட்காரச் சொன்னதும் இல்ல.

எங்க குழுவில 14 பேர். அதுல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து, குழுவில உள்கடன் 30,000 ரூபாய் வாங்கி, நாலு வருசத்துக்கு முன்னாடி இந்தக் கடையைத் தொடங்கினோம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டகை. ரெண்டு பெஞ்சு, இட்லிச் சட்டி, தோசைக்கல், பணியாரக்கல், எவர்சில்வர் தட்டு, டம்ளர். கிரைண்டர் எங்க தலைவி மதினி வீட்டுது. உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு செஞ்சோம். சின்னக் கடைன்னா பதிவுச் சான்றிதழ் போதும், நாங்க பதிஞ்சப்ப வருசத்துக்கு 100 ரூபாய்தான். இன்னொண்ணு, வீட்டு சிலிண்டரைக் கடையில வைக்கக் கூடாது. கடைக்குன்னு இருக்கிற சிலிண்டரைத்தான் வாங்கணும். புதுசா கடை போடுறவங்க இது ரெண்டையும் முதல்லயே பார்த்துக்கோங்க.

காலையில ஆறரைக்குத் திறப்போம், பதினொன்றரைக்கு மூடுவோம். ஆறரையில இருந்து எட்டரை வரைக்கும் இட்லி, தோசை, டீ. ஒன்பதரைக்கு மேல அடுத்த பந்தி. அப்போ பூப்பறிச்சவங்க வருவாங்க. அவங்களுக்கு ரெண்டு இட்லி காணாது. கம்மங்கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை போட்ட அடை, காரப் பணியாரம் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்த மாதிரி திடமா இருக்கும். சாப்பிட்டவங்க அவசரமா எழுந்திரிக்க வேண்டியதில்ல. பத்து நிமிசம் காலை நீட்டி உட்கார்ந்து பேசிட்டுப் போகட்டும்னு விட்டுருவோம்.

ஆனா முதல் ஒரு மாசம் ஒரு பெண் கூட உட்காரல. எல்லாரும் வெளியில நின்னு பார்சல்தான் கேட்டாங்க. "வீட்டுக்காரருக்கு நாலு, பிள்ளைகளுக்கு ரெண்டு ரெண்டு, அத்தைக்கு ரெண்டு." கணக்கு அதோட முடிஞ்சிரும். பார்சல் கட்டிக்கிட்டே எங்க மதினிதான் முதல்ல கேட்டாங்க, "எல்லாருக்கும் பார்சல் சரி, உனக்கு?" அந்த அக்கா சிரிச்சுட்டு, "மிச்சம் இருந்தா சாப்பிட்டுக்குவேன்"னு சொன்னாங்க. பத்து இட்லியில மிச்சம் எங்கே இருக்கும்? அன்னையில இருந்து பார்சல் கேட்கிற ஒவ்வொரு பெண்கிட்டயும் இதைக் கேட்கிறதை வழக்கமாக்கினோம்.

முதல்ல உட்கார்ந்தது அறுபது வயசு தாண்டின ஒரு அப்பத்தா. பூப்பறிச்சுட்டு வந்தவங்க, தலை சுத்துதுன்னு தூணைப் பிடிச்சு நின்னாங்க. கையைப் பிடிச்சு உட்கார வச்சோம். தட்டுல அடை வச்சுக் கொடுத்தா, ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்கடி"ன்னாங்க. சொல்லத்தான் செஞ்சாங்க. "வீட்டுல அடுப்பு இல்லையா, பொம்பளைங்க கடையில உட்கார்ந்து திங்கிறாளுக"ன்னு பேச்சு வந்துச்சு. எங்க குழுவிலயே ஒருத்தர் மறைப்புக்குத் தட்டி கட்டிரலாம்னு சொன்னாங்க. கூட்டத்துல பேசினோம். களவு செஞ்சா மறைக்கலாம், பசிக்குச் சாப்பிடுறதுக்கு எதுக்குத் தட்டின்னு முடிவாச்சு. தட்டி கட்டல. அதே கூட்டத்துல இன்னொரு முடிவும் எடுத்தோம். எந்தத் தெருவில இருந்து வந்தாலும் ஒரே பெஞ்சு, ஒரே டம்ளர். அது பிடிக்காம ரெண்டு மூணு பேர் வர்றதை நிறுத்தினாங்க. கொஞ்ச நாள் வியாபாரம் குறைஞ்சதும் உண்மை. முடிவை மாத்திக்கல.

இப்போ கணக்கு. சுமாரா ஒரு நாள் வியாபாரம் 2,800 ரூபாய். சாமான் 1,300, கேஸ் 240, வாடகை 60. ஒரு நாளைக்கு நாலு பேர் முறை வச்சு வேலை, ஆளுக்கு 200 வீதம் 800. மிச்சம் 400. இதுல கூலியைக் கண்டிப்பா எழுதுங்க. வீட்டுல செய்யிற வேலைக்கு யாரும் எழுதுறதில்ல, கடையிலயும் எழுதாம விட்டா, லாபம் எவ்வளவுன்னே தெரியாது. உள்கடனை பத்து மாசத்துல அடைச்சோம். மழைக்காலத்துல மாவு புளிக்காது, வியாபாரமும் குறையும். அதுக்குன்னு தனியா கொஞ்சம் எடுத்து வைக்கிறோம்.

ஆனா இந்தக் கணக்கை விட எனக்குப் பெரிசா தெரியிறது வேற. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி நம்ம தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. இங்க ஒரு வரிசையில பத்துப் பேர் உட்கார்ந்திருந்தா அஞ்சு பேர். தலை சுத்துறது, மூச்சு வாங்குறது, கால் அசதி இதையெல்லாம் நாம வயசுன்னு நினைச்சுக்கிறோம். எங்க ஊர் நர்சம்மா கடைக்கு வந்தப்ப சொன்னாங்க: கம்பு, முருங்கைக்கீரையில இரும்புச்சத்து இருக்கு, கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தா அது உடம்புல நல்லா சேரும், சாப்பாட்டோட டீ குடிச்சா சரியா சேராது. அதுக்கப்புறம் அடைக்கு நெல்லிக்காய்த் துவையல் வைக்கிறோம். டீயைச் சாப்பாட்டோட கேட்டா, "கொஞ்ச நேரம் கழிச்சுக் குடிங்கக்கா"ன்னு சொல்லிப் பார்க்கிறோம். எல்லாரும் கேட்கிறதில்ல. டீ விஷயத்துல எங்க ஊர்க்காரங்களை ஜெயிக்க முடியாது.

ஊருக்குச் சமைச்சுப் போடுறது நம்ம குழுக்களுக்குப் புதுசு இல்ல. 2013-ல சென்னையில தொடங்கின அம்மா உணவகத்துல இட்லி அவிச்சது குழுப் பெண்கள். 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் ஆக்குறதும் குழுப் பெண்கள். பிள்ளைங்க பசியோட பாடம் படிக்கக் கூடாதுன்னு ஊரே ஒத்துக்கிட்டாச்சு. ரொம்ப சந்தோசம். அந்தப் பிள்ளையோட அம்மா பசியோட பூப்பறிக்கலாமா? அதை யார் கேட்கிறது? நாமதான் கேட்கணும்.

அதனால நம்ம கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன். ஒண்ணு, முடியிற ஊராட்சியில எல்லாம் இந்த மாதிரி ஒரு கடை வரணும், அதுல பெண்கள் உட்கார பெஞ்சு கட்டாயம் இருக்கணும். ரெண்டு, பத்து மணிக்குத் தொடங்குற மாதக் கூட்டத்துல, கணக்கு நோட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு ஏதாவது டிபன் கொடுக்கணும். அதை எங்களை மாதிரிக் குழுக்கிட்டயே காசு கொடுத்து வாங்கணும். மூணாவது உங்க ஒவ்வொருத்தருக்கும். நாளைக்குக் காலையில வீட்டுல எல்லாருக்கும் தட்டு வைக்கும்போது உங்களுக்கும் ஒரு தட்டு வையுங்க. நின்னுக்கிட்டுத் திங்காம, அடுப்படியில குந்தாம, அவங்களோட சேர்ந்து உட்காருங்க.

எங்க ஊர்ப் பக்கம் வந்தா கடைக்கு வாங்க. பத்து மணிக்கு வந்தீங்கன்னா அடை சூடா இருக்கும்.