வேம்பு பூக்கும் மாதம்



வசந்தம் என்றதும் சினிமாக்காரர்கள் காஷ்மீருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம், ஒரு வேப்பமரம் போதும். மாசியில் இலையை உதிர்க்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் விடும், பின்னாலேயே பூ.

இந்த நாட்களில் விடியற்காலையில் திருத்தணி மலை ஏறிப் பாருங்கள். வருஷத்தின் நாட்களுக்குக் கணக்காக 365 படி என்பார்கள். மூச்சு வாங்க நிற்கிறபோது காற்றில் வேப்பம்பூ மணக்கும். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள். முருகன் பொறுப்பார், கருங்கல் பொறுக்காது!

இந்த ஊருக்கு இன்னொரு அதிர்ஷ்டம், இரண்டு புத்தாண்டு. தெலுங்கு பேசுகிற வீடுகளில் யுகாதிப் பச்சடி: வேப்பம்பூ, புதுப்புளி, வெல்லம், மாங்காய், உப்பு, காரம். சித்திரை முதல் நாள் தமிழ் வீடுகளிலும் மாங்காயும் வேப்பம்பூவும்தான். கசப்பையும் சேர்த்துத்தான் ஆண்டைத் தொடங்குகிறோம். எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

ஒரு காலத்தில் இந்த ஊர் ஆந்திராவுக்கா, தமிழ்நாட்டுக்கா என்று பெரிய போராட்டம் நடந்தது. தமிழர் தரப்பில் தமிழறிஞர் ம.பொ.சி. முன்னின்றார். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவும் வேம்பு பூக்கிற காலம்தான். எல்லைக்கு இரண்டு பக்கமும் அந்த வருஷம் ஒரே பச்சடியைத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

உங்கள் தெருவில் வேப்பமரம் இருக்கிறதா? இன்று இரவு அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் பூவைச் சேர்த்து, சுத்தம் செய்து, உலர்த்தி வைத்தால் ரசத்துக்கு ஆகும். நெய்யில் வறுக்கும்போது மட்டும் கருகவிடாதீர்கள்.