எறும்பு என்றொரு வீராங்கனை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, உன் அனுபவத்தைச் சொல்லு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ஒரு சர்க்கரை ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருப்பவன். பம்ப் ஒழுங்காக ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது, நின்றுபோனால் எம்.டி. வரைக்கும் என் பெயர் தெரியும். இந்த அனுபவத்தைப் பத்து நிமிஷம் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. அதனால் ஒரு கால்பந்து வீராங்கனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பேச்சினூடே சொல்கிறேன்.

2010-இல் ஆண்கள் உலகக் கோப்பை நடந்தபோது நாங்கள் ஹாஸ்டல் டி.வி. முன்னால் இடம் பிடிக்கச் சண்டை போட்டவர்கள். பெண்களுக்கும் 1991 முதல் உலகக் கோப்பை நடந்து வருகிறது என்பது அந்த ஹாலில் ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கே 2019 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் தெரிந்தது. அரவை முடிந்து ஓவர்ஹால் வேலை நடந்துகொண்டிருந்தது. டீ குடிக்கும் நேரத்தில் ஒரு பையன் செல்போனில் பிரேசில், ஜமைக்கா மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இந்தம்மாவுக்கு 41 வயசாம்" என்று காட்டினான். நம்பவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

பெயர் மிரைல்டெஸ் மாசியல் மோட்டா. உலகம் அழைப்பது ஃபோர்மிகா என்று. போர்த்துகீசிய மொழியில் அதற்கு எறும்பு என்று பொருள். தனக்கென்று ஆடாமல் கூட்டத்துக்காக ஓடி ஓடி உழைப்பதைப் பார்த்துச் சின்ன வயதிலேயே வைத்த பெயர்.

அவர் பிறந்தது 1978 மார்ச் 3, பிரேசிலின் சால்வடோர் நகரில். அந்தத் தேதியை மாணவ மாணவியர் கவனிக்க வேண்டும். 1941-இல் பிரேசில் அரசு ஒரு ஆணை போட்டது: பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது. பிறகு கால்பந்தும் பெயர் குறிப்பிட்டே அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. தடை நீங்கியது 1979-இல்தான். அதாவது, பீலே மூன்று உலகக் கோப்பைகளை வென்று கொடுத்த அதே நாட்டில், ஃபோர்மிகா பிறந்தபோது ஒரு பெண் பந்தை உதைப்பது சட்டவிரோதம்!

சட்டம் போனாலும் வீடு உடனே மாறிவிடுமா? தெருவில் பையன்களோடு ஆடியதற்காக அண்ணனிடம் அடி வாங்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு தங்கை. பள்ளியில் கால்பந்து ஆடுவாள். என்னைவிட நன்றாக ஆடுவாள். பதினோராம் வகுப்பில் மாவட்ட அணிக்குத் தேர்வானாள். வெளியூர் முகாமுக்கு அனுப்ப வேண்டும். அப்பா முடிவு பண்ணாமல் என்னைக் கேட்டார். இதே கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த நான், பெரிய மனுஷன் போல, "வேணாம்ப்பா, கால் உடைஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்றேன். அவ்வளவுதான். நான் கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் ஃபோர்மிகா அடி வாங்கிய பிறகும் ஆடினார். என் தங்கை அன்றோடு நிறுத்திவிட்டாள். அவளுடைய பூட்ஸை என் ஹாஸ்டல் ஜூனியர் ஒருவனுக்குக் கொடுத்ததும் நான்தான்.

சரி, ஃபோர்மிகாவுக்கு வருகிறேன். 1995-இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போனபோது அவருக்கு வயது 17. பிரேசில் கடைசி லீக் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6-1 என்று தோற்று ஊர் திரும்பியது. அந்தக் காலத்தில் பிரேசில் பெண்கள் அணிக்கென்று தனி உடைகூடக் கிடையாது. ஆண்கள் அணி போட்டுக் கழித்த பெரிய சைஸ் சட்டைகளை மாட்டிக்கொண்டு ஆடிய தலைமுறை அது.

அங்கே ஆரம்பித்து 2019 வரை ஏழு உலகக் கோப்பைகள்! ஆணோ பெண்ணோ, அதற்கு முன் யாரும் எட்டாத கணக்கு. ஒலிம்பிக்ஸில் பெண்கள் கால்பந்து நுழைந்ததே 1996 அட்லாண்டாவில்தான். அன்று முதல், 2021-இல் நடந்த டோக்கியோ போட்டி வரை ஏழிலும் ஆடியவர் இவர் ஒருவரே.

இத்தனை ஆடியும் தங்கம் உண்டா என்றால், இல்லை. 2004 ஏதென்ஸ் இறுதிப் போட்டியில் அமெரிக்காவிடம் கூடுதல் நேரத்தில் 2-1. 2007 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனியிடம் 2-0. 2008 பெய்ஜிங்கில் மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் கூடுதல் நேரம், 1-0. நான்கே வருஷத்தில் மூன்று இறுதிப் போட்டிகள், மூன்றிலும் தோல்வி. நமக்கு ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே சாப்பாடு இறங்காது. இவர் அதன் பிறகும் ஆட்டத்தை விடாதவர்.

அவர் ஆடிய இடம் தடுப்பு நடுக்களம். எதிரணியின் தாக்குதலை நடுவிலேயே முறித்து, பந்தைப் பிடுங்கி, முன்னால் நிற்பவரிடம் தள்ளிவிடுவதுதான் வேலை. கோல் போடுவது மார்த்தா, கிறிஸ்டியானே. கைதட்டல் போவதும் அவர்களுக்கு. என் பாஷையில் சொன்னால் ஃபோர்மிகா ஒரு பேரிங். ஷாஃப்ட் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். அதைத் தாங்குவது உள்ளே இருக்கும். எப்போதாவது அவரும் கோல் போடுவார். 2015-இல் தென்கொரியப் பாதுகாப்பு வீராங்கனைகள் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்து மெதுவாகப் போக, இடையில் புகுந்து கோலாக்கினார். பெண்கள் உலகக் கோப்பையில் அன்றுவரை கோல் அடித்தவர்களிலேயே அதிக வயதானவர் அவர்தான், வயது 37.

2016-இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். நடுக்களத்தில் அவர் இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் கேட்டுக்கொண்டதால் 2018-இல் திரும்பி வந்தார். இடையில் 2017-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கிளப்பில் சேர்ந்திருந்தார். பதினான்கு வருஷம் தொடர்ந்து பிரெஞ்சு லீக்கை வென்றுவந்த லியோன் அணியை 2021-இல் அந்தக் கிளப் கீழே இறக்கியபோது அவருக்கு வயது 43.

கடைசி சர்வதேச ஆட்டம் 2021 நவம்பரில், பிரேசிலின் மனாஸ் நகரில். எதிரணி எது தெரியுமா? நம் இந்தியா! நமக்கு அப்போது விடியற்காலை. நைட் ஷிஃப்ட் முடியும் நேரம். தங்கையிடமிருந்து போன் வந்தது: "அண்ணே, மனீஷா கல்யாண் கோல் போட்டுட்டா! பிரேசிலுக்கு எதிரா!" எட்டாவது நிமிடத்தில் 1-1. முடிவில் பிரேசில் 6-1 என்று வென்றது. அது வேறு விஷயம். இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக ஃபோர்மிகா உள்ளே வந்தார். தன் பதினேழாவது வயதில் பிறந்திருக்காத பெண்களோடு ஆடி விடைபெற்றார்.

அன்று காலைதான் தங்கையிடம், "அந்த மாவட்ட செலக்‌ஷன் விஷயத்துல நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "விடுண்ணே, அந்த பூட்ஸ் எனக்கு அப்பவே பத்தல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பெண்கள் ஆடக்கூடாது என்று சட்டம் வைத்திருந்த அந்த நாட்டுக்குத்தான் 2027 பெண்கள் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை 2024-இல் கிடைத்தது. ஃபோர்மிகாவும் அவர் தலைமுறையும் தேய்த்த கல் அது.

மாணவியரே, உங்களில் சிலர் கால்பந்து ஆடுவதை நேற்று மாலை பார்த்தேன். மைதானத்தின் ஓரத்தில், செங்கல்லைக் கோல் போஸ்டாக வைத்து ஆடினீர்கள். நடு மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்கு. யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்திலும் அப்படித்தான், நானும் அந்த நடு மைதானத்தில் நின்றவன்தான். சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. வாரத்தில் மூன்று மாலை முழு மைதானமும் மாணவியருக்கு என்று முதல்வர் அவர்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டும். இரண்டு கோல் போஸ்டுகளையும் வலைகளையும் நம் செலவில் நிறுத்த வேண்டும். முதல் தொகையை நான் இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். ரசீது என் தங்கை பெயரில்.

அண்ணன்மார்களாக இருக்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. வீட்டில் உங்களைக் கேட்பார்கள். யோசித்துப் பதில் சொல்லுங்கள்.